கவர்னர் பிடித்த நாள்

திருச்சி மாவட்டத்திலேயே மாடிப்படியைக் கண்டு நடுங்கிய ஒரே ஆண்பிள்ளை எங்கள் கவர்னர்தான். இத்தனைக்கும் அவர் தொழில், மாடி மாடியாகப் போவது. லிஃப்ட் மெக்கானிக்.

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் இருக்கிறது. ஐந்து மாடி, இருபது வீடு, ஆறு பேர் ஏறக்கூடிய ஒரே ஒரு லிஃப்ட். பெருமாள் பக்கத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள்தான் பாதிப்பேர். முழங்கால்களை எல்லாம் வரும் வழியிலேயே தொலைத்துவிட்டு வந்தவர்கள். ஆகவே எங்களுக்குப் பெருமாளுக்கு அடுத்தபடி லிஃப்ட். லிஃப்டுக்கு அடுத்தபடி கவர்னர்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. காட்டூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருவார். குட்டை உருவம், சட்டைப் பையில் டார்ச், காதில் பென்சில். லிஃப்டைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பார்த்ததை இருபது வீட்டுக்கும் விளக்கிவிட்டுத்தான் போவார். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர் வகுப்பில் யாரும் விட முடியாது. விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"மேடம், மேல மெஷின் ரூம்ல ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. அதுலேருந்து ஒரு மெல்லிசு கயிறு லிஃப்டோடவே ஏறி இறங்கும். லிஃப்ட் மரியாதையா இறங்குற வரைக்கும் அது பாட்டுக்குச் சுத்தும். கொஞ்சம் வேகம் மிஞ்சினா, கபக்னு கயித்தைப் புடிச்சிரும். கயிறு இழுத்ததும் லிஃப்டுக்கு அடியில இருக்கற ஆப்பு ரெண்டும் தண்டவாளத்தைக் கவ்வும். அப்புறம் யானை வந்து தள்ளினாலும் லிஃப்ட் இறங்காது. அந்தச் சக்கரத்துக்குப் பேருதான் கவர்னர். மோட்டார் கைவிட்டாலும் கவர்னர் கைவிட மாட்டாரு!"

இதை வாரம் ஒருவரிடம் சொல்லிச் சொல்லித்தான் அவருக்கே அந்தப் பெயர் வந்தது.

பெயரால் வந்த குழப்பமும் உண்டு. மேலப்புதூரிலிருந்து நாலாவது மாடிக்குப் புதிதாகக் குடி வந்தார் சேவியர் சார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வந்த மறுநாளே வாட்ச்மேன் அந்தோணி போன் செய்தார்: "சார், கவர்னர் வந்திருக்காரு. அரைமணி நேரம் வெளிய வராதீங்க." சேவியர் சார் கோட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் வாசல் சாலையில் இருந்த பள்ளத்தைப் பற்றி நாலு பக்கத்துக்கு மனு எழுதி, அரைமணி முடிந்ததும் இறங்கி வந்தார். கீழே கை நிறைய கிரீஸோடு உட்கார்ந்திருந்தவரிடம், "கவர்னர் எங்கேங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

சேவியர் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். எழுதியதை வீணாக்க மனமில்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டார். கவர்னரும் கையைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கத்தையும் படித்தார். "நியாயமாத்தான் இருக்கு. பார்க்கறேன்" என்று பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பள்ளம் மூடப்பட்டது. எப்படி என்று அவரும் சொல்லவில்லை, சேவியர் சாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கவர்னரைப் பார்த்தால் சேவியர் சார் எழுந்து நிற்பார்.

இப்போது மாடிப்படி விஷயத்துக்கு வருகிறேன். கவர்னருக்குக் கல்யாணம் முசிறியில். மண்டபத்து மாடியிலிருந்து மாலையும் கழுத்துமாக இறங்கியவர், பதினோரு படியை ஒரே மூச்சில் இறங்கிவிட்டார், முதுகால். தாலி கட்டும்போது வலி தாங்காமல் பல்லைக் கடித்திருக்கிறார். வீடியோவில் மாப்பிள்ளை சிரித்த முகமாகத் தெரிவாராம்.

"பதினோரு படி மேடம். ஒரு படியாவது என்னைப் புடிச்சுதா? படிக்கு பிரேக் இருக்கா? சென்சார் இருக்கா? அபாய மணி இருக்கா? எந்தத் தைரியத்துல ஜனங்க இதுல ஏறுறாங்கன்னுதான் எனக்குப் புரியலை."

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரை அவர் இதுவரை தரிசித்ததில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "லிஃப்ட் வெச்சதும் வரேன்னு சொல்லியிருக்கேன்" என்பார். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும் ஒரே ஒரு அடுக்குப் படியை, சுவரோடு ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவார். அந்த நேரத்தில் யாரும் பார்க்கக் கூடாது.

இதில் எங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் அவர் ஐந்து மாடி ஏறியாக வேண்டும். அதனால் அது நிற்பதற்கு முன்பே வந்துவிடுவார். எட்டு வருஷமாக எங்கள் லிஃப்ட் ஒரு தடவைகூட நின்றதில்லை. மற்றவர்கள் அதைத் திறமை என்றார்கள். பாதிதான் திறமை. மீதி பயம்.

அப்படிப்பட்ட மனிதரை நாங்கள் வேலையை விட்டு அனுப்பினோம்.

சண்டை எங்கள் செக்ரட்டரியோடு. அவர் ஐந்தாம் மாடிக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார். உத்தரவு போட்டுப் பழகிய குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை. அவருக்கு லிஃப்டின் ஓவர்லோடு மணிதான் ஜென்ம விரோதி. ஏழாவது ஆள் காலை வைத்ததும் 'கீ' என்று கத்தும், கதவு மூடாது. பகல் பத்து உற்சவ சமயம், வீடு கொள்ளாமல் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒருநாள் லிஃப்டில் ஏழு பேர். மணி கத்துகிறது. யாரும் இறங்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நியாயம் சொல்ல உள்ளே நுழைந்தார் கவர்னர். மணி இன்னும் பலமாகக் கத்தியது.

"சார், நீங்கதான் கடைசியா ஏறினீங்க. இறங்கிருங்க" என்றார் செக்ரட்டரியிடம்.

"என்னையா? நான் இந்தக் கட்டடத்துக்கு செக்ரட்டரி ஓய்!"

"மணிக்கு அது தெரியாதுங்களே."

செக்ரட்டரி இறங்கினார். அப்போதும் மணி நிற்கவில்லை. கவர்னர் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

இதற்கு மறுவாரம் கவர்னர் மெஷின் ரூமுக்குப் போய்வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்களிடம் சொன்னார்: "பிரேக் வாசனை சரியில்லீங்க. லைனிங் தேஞ்சிருச்சு. புதுசு வர்ற வரைக்கும் லிஃப்ட் ஓடக் கூடாது." கீழ்த்தளத்தில் லிஃப்டை நிறுத்தும் சாவியைத் திருப்பினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு காட்டூருக்குப் போய்விட்டார்.

மூன்று நாள். முழங்கால் இல்லாத ஜனங்கள் ஐந்து மாடி ஏறினோம். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர்கள் அங்கேயே காபி குடித்தார்கள், அங்கேயே பேப்பர் படித்தார்கள். நாலாம் நாள் கூட்டம் போட்டோம். "வாசனை சரியில்லைன்னு லிஃப்டை நிறுத்தறதுக்கு அவர் என்ன மோப்ப நாயா?" என்று கேட்டார் செக்ரட்டரி. எல்லோரும் சிரித்தோம். சிரித்ததும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். காலையில் இரண்டு தடவை ஏறி இறங்கிய வலியில் தூக்கிய கை அது.

கவர்னரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். "லைனிங்கை மட்டும் மாத்திருங்க" என்றார். "மாத்தாம ஓட்டாதீங்க" என்று வாசலில் அந்தோணியிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

புது மெக்கானிக் வந்தார். செக்ரட்டரி சொன்னதெல்லாம் அவருக்குச் சரியாகப் பட்டது. லிஃப்டை ஓடவிட்டார். லைனிங்கைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஓவர்லோடு மணியின் வயரையும் கழற்றிவிட்டார். லிஃப்ட் அமைதியாயிற்று. நாங்களும் அமைதியானோம்.

அடுத்த மாதம் செக்ரட்டரிக்கு அறுபதாம் கல்யாணம். ஹோமம், மாங்கல்யதாரணம் எல்லாம் ஐந்தாம் மாடியில் அவர் வீட்டில். சாப்பாடு கீழே கார் நிறுத்துமிடத்தில், பந்தல் போட்டு. எங்கள் எல்லோருக்கும் அழைப்பு. செக்ரட்டரியின் மனைவி மைதிலி மாமி, கணவரிடம் சொல்லாமல் கவர்னருக்கும் போன் பண்ணி அழைத்திருந்தார். "எட்டு வருஷம் எங்களைத் தூக்கி இறக்கினவர். அவர் வராம எனக்கென்ன விசேஷம்?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கவர்னர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, அங்கவஸ்திரம். மேலே போக வேண்டுமானால் அந்த லிஃப்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் படி. இரண்டும் வேண்டாம் என்று நேராகப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டார்.

மேலே மாங்கல்யதாரணம் முடிந்தது. ஆசீர்வாதம் முடிந்தது. சமையல்காரர் கீழேயிருந்து, "இலை போட்டாச்சு!" என்று ஆள் அனுப்பினார். அவ்வளவுதான். காலையிலிருந்து வெறும் காபியோடு இருந்த ஜனக்கூட்டம் லிஃப்டை நோக்கிப் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். செக்ரட்டரி மாலையோடு, அவருடைய மும்பை அண்ணா, சேவியர் சார், இரண்டு சம்பந்திகள், சீர்த் தட்டில் லட்டும் முறுக்குமாக ஒரு மாமி. என்னோடும் இன்னும் நாலு விருந்தாளிகளோடும் மொத்தம் பதினொரு பேர். மணி கத்தவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நாலாவது மாடி தாண்டும்போதே தெரிந்தது. லிஃப்ட் இறங்குகிற தினுசு சரியில்லை. வயிறு மேலே வந்தது. முறுக்குத் தட்டு லேசானது. "என்ன இது, எக்ஸ்பிரஸாட்டம் போறதே" என்றார் மும்பை அண்ணா. அடுத்த விநாடி தலைக்குமேல் 'கபக்' என்று ஒரு சத்தம், காலுக்கடியில் கிறீச்சென்று இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம். லிஃப்ட் நின்றது. பதினொரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். லட்டுகள் உருண்டன. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் தொங்கினோம்.

செக்ரட்டரி பெருமாளை அழைத்தார். சேவியர் சார் மாதாவை அழைத்தார். நான் இன்டர்காம் பட்டனை அழுத்தினேன்.

"அந்தோணி! லிஃப்ட் நின்னுபோச்சு!"

அந்தோணி பேசவில்லை. வேறு குரல் கேட்டது. "மேடம், நான் கவர்னர். இலையிலேருந்து எந்திரிச்சு வந்திருக்கேன். என்ன சத்தம் கேட்டுச்சு? முதல்ல கபக், அப்புறம் கிறீச். சரிதானே?"

"ஆமாம்!"

இன்டர்காமில் கை தட்டும் சத்தம் கேட்டது. "புடிச்சிருச்சு மேடம்! கவர்னர் புடிச்சிருச்சு! முப்பது வருஷமா சோதனை பண்ணும்போது மட்டும்தான் புடிச்சுப் பார்த்திருக்கேன். நிஜமா புடிச்சது இன்னிக்குத்தான் முதல் தடவை! எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுங்களா!"

செக்ரட்டரி என் தோளுக்கு மேலாக இன்டர்காமை நோக்கிக் கத்தினார்: "ஓய்! முதல்ல எங்களை வெளியே எடும்! அப்புறம் சந்தோஷப்படலாம்!"

"சார் உள்ளயா இருக்கீங்க? எத்தனை பேருங்க?"

செக்ரட்டரி மாலையைச் சரிசெய்துகொண்டார். "பதினொண்ணு" என்றேன் நான்.

"மணி கத்தலையா?"

லிஃப்டுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"கதவை நெம்பித் திறந்து குதிச்சிடலாமா?" என்று கேட்டார் சேவியர் சார்.

"வேண்டாம் சார்! உள்ள இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. குதிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து. காத்து நல்லா வரும். முறுக்கு இருந்தா சாப்பிடுங்க. நான் மேல மெஷின் ரூமுக்குப் போய், கையால சக்கரத்தைச் சுத்தி லிஃப்டை ஏத்தினா ஆப்பு விட்டுரும். பத்தே நிமிஷம். மேல போய்..."

குரல் நின்றது.

"கவர்னர்?"

"மேல போகணுமே மேடம்" என்றார், மிக மெதுவாக. "படியில."

அதற்கப்புறம் நடந்ததை அந்தோணி இன்டர்காமில் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கவர்னர் முதல் படியைக் கும்பிட்டார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டார், மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றினார். மூன்று படி ஏறுவார், அவிழ்ப்பார், மேலே சுற்றுவார், மறுபடி மூன்று படி. ஐந்தாம் மாடியிலிருந்து மடிசாரோடு ஓடிவந்த மைதிலி மாமி அவரை முதல் மாடித் திருப்பத்தில் சந்தித்தார். கம்பியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாராம்.

"நான் பின்னாடியே வரேன், நடங்கோ."

"பின்னாடி வராதீங்க மாமி. விழுந்தா உங்க மேலதான் விழுவேன்."

"சரி, முன்னாடி போறேன். ஒரு படிக்கு ஒரு நாமம் சொல்லுங்கோ, பயம் தெரியாது. கோவிந்தா!"

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் மாமி! வேற பேரு சொல்லுங்க!"

"சரி, கேசவா!"

"கேசவா!"

நாங்கள் தொங்கிய இடத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஏறும்போது கதவு வழியாகவே கேட்டது. 'கேசவா', ஒரு பெருமூச்சு, துணி அவிழும் சத்தம். மறுபடி 'கேசவா'. லிஃப்டுக்குள் யாரோ கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் சேவியர் சார் உட்பட பதினொரு பேரும் அவருக்காகக் கேசவா சொன்னோம். மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்ற செக்ரட்டரியின் குரல்தான் எல்லாவற்றிலும் பலமாக இருந்தது.

மெஷின் ரூமில் கவர்னர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தார். அது இரண்டு பேர் வேலையாம். ஒருவர் நெம்புகோலால் பிரேக்கை விடுவிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

"மாமி, நான் விடுன்னா விடுங்க, புடின்னா புடிங்க. கரெக்டா செய்யணும்."

"முப்பத்தஞ்சு வருஷமா ஆத்துல அதைத்தான் பண்ணிண்டிருக்கேன். நீங்க சொல்லுங்கோ."

லிஃப்ட் முனகிற்று. ஒரு அங்குலம் ஏறியது. கிறீச் சத்தத்தோடு ஆப்பு விட்டது. பிறகு அங்குலம் அங்குலமாக, மூன்றாம் மாடி வாசலுக்கு வந்து நின்றோம். அந்தோணி கதவைத் திறந்தார். பதினொரு பேரும் லட்டை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். உயிர் பிழைத்தவர்கள் செய்கிற முதல் காரியம் என்ன? பந்திக்கு ஓடினோம்.

சாம்பார் வரும்போதுதான் கவனித்தோம். முதல் இலையில் ஆள் இல்லை. உப்பு, ஊறுகாய், பாயசம் எல்லாம் வைத்தது வைத்தபடி. கவர்னர் வரவில்லை. அவர் எப்படி வருவார்? ஆப்பு கவ்விய லிஃப்டை முழுக்கச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்று அவரே பூட்டிவிட்டார். தான் இறங்குவதற்கு இருந்த ஒரே வழியையும் சேர்த்து. ஐந்தாம் மாடிப் படியில் உட்கார்ந்திருப்பதாக மாமி வந்து சொன்னார். "ஏறினப்போ ஆழம் கண்ணுக்குத் தெரியலையாம். இறங்கும்போது மொத்தமும் தெரியறதாம். கால் வரமாட்டேங்கறதுங்கறார்."

செக்ரட்டரி பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவினார். மாலையைக்கூடக் கழற்றவில்லை. அறுபது முடிந்த முழங்காலோடு ஐந்து மாடி ஏறினார். மாமியோடு நானும் பின்னால் போனேன்.

கவர்னர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரியைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்க எதுக்கு சார் ஏறி வந்தீங்க?"

"உம்ம இலை காத்துண்டிருக்கு. கையைக் குடும்."

செக்ரட்டரி இரண்டு படி கீழே போய்த் திரும்பி நின்றார். கவர்னரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஒரு படி இறங்கினார். கவர்னர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படி இறங்கினார். கல்யாண மாலை இரண்டு பேருக்கும் நடுவில் ஆடிற்று.

"விட்டுடாதீங்க சார்."

"விடமாட்டேன்."

"அந்த மணி வயரை..."

"நாளைக்கே போடச் சொல்றேன்."

"இன்னிக்கே சார்."

"சரி, இன்னிக்கே. லைனிங்கையும் மாத்திட்டுத்தான் லிஃப்ட். படியைப் பாரும்."

மூன்றாம் மாடித் திருப்பத்தில் செக்ரட்டரி நின்றார். மூச்சு வாங்குவதற்கு என்று நினைத்தோம். "மோப்ப நாய்னு நான் சொன்னது உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அந்தோணி சொன்னாருங்க."

"தப்பு ஓய்."

"பரவால்லீங்க சார். மூக்கு நல்ல மூக்குன்னுதானே அர்த்தம்."

கீழே வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. மாமி புது இலை போட்டார். கவர்னர் சாப்பிட்டார். செக்ரட்டரி பக்கத்தில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். நான் பரிமாறினேன், கை தூக்கிய பாவத்துக்கு இரண்டு கரண்டி நெய் கூடுதலாக.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் கவர்னர்தான் எங்கள் லிஃப்டைப் பார்த்தார். ஏழாவது ஆள் காலை வைத்தால் மணி கத்தும், செக்ரட்டரியே முதலில் இறங்குவார். போன வருஷம் கவர்னர் வேலையை நிறுத்திக்கொண்டு மனைவியின் ஊரான முசிறிக்குப் போய்விட்டார். வாழைத்தோப்பு ஓரமாகத் தரைவீடு. வாசலில் ஒரே ஒரு படிதான், அதையும் சரிவாக மாற்றிவிட்டதாகப் போனில் சொன்னார்.

இப்போது வருகிற மெக்கானிக் மன்னார்புரத்துக்காரர். நல்ல பிள்ளை. சொன்ன நேரத்துக்கு வருகிறார், எதையும் விட்டுவைக்காமல் சோதிக்கிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிட்டு வரேன் என்று போய்விடுகிறார். யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை, யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. அவர் வரும் நாளில் நாங்கள் இருபது வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.